பேகல் ஆற்றுப்படை

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் எந்த வழக்குக்கும் தண்ணீரைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். அல்வா சென்னையில் ஏன் இந்தப் பதத்துக்கு வருவதில்லை என்று கேட்டால், தாமிரபரணித் தண்ணீர் என்று பதில் வரும். மணப்பாறைக்காரர்கள் முறுக்குக்குத் தங்கள் ஊர்த் தண்ணீரைக் காரணம் சொல்வார்கள். கோயம்புத்தூர்க்காரர்களிடம் சிறுவாணியைப் பற்றி வாய் திறந்தால் அன்றைய பொழுது போயிற்று. உலகின் மறுகோடியில் நியூயார்க்கிலும் இதே வழக்கு நடக்கிறது என்பதை என் தம்பி மூலமாகத்தான் அறிந்தேன். அங்கே வழக்குப் பொருள் பேகல் என்ற வட்ட ரொட்டி. நியூயார்க்குக்கு வெளியே நல்ல பேகல் கிடைக்காது, ஏனென்றால் அந்தத் தண்ணீர் வேறு எங்கும் இல்லை என்பது அவ்வூர்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை.

பேகலைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். உருவத்தில் நம் உளுந்து வடைக்கு அண்ணன். கோதுமை மாவு, ஈஸ்ட், உப்பு, முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் மால்ட், தண்ணீர் ஆகியவற்றைச் சேர்த்து மிக இறுக்கமாகப் பிசைந்து, வளையமாக உருட்டி, முதலில் கொதிநீரில் போட்டெடுத்துப் பிறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே எள்ளோ கசகசாவோ தூவுவதுண்டு. எள், கசகசா, வெங்காயம், பூண்டு, உப்பு எல்லாம் சேர்த்துத் தூவியதற்கு ‘எவ்ரிதிங்’ என்றே பெயர். வெறும் பேகலில் பாலும் முட்டையும் பெரும்பாலும் சேர்வதில்லை. யூதர்களின் உணவு விதிப்படி இறைச்சியையும் பாலையும் ஒன்றாக உண்ணலாகாது. பால் சேராத ரொட்டியை இரண்டில் எதனோடும் உண்ணலாம்.

என் தம்பி நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் 11 ஆண்டுகள் இருந்தான். பிறகு வேலையின் பொருட்டுக் கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகருக்குக் குடிபெயர்ந்தான். தோசை மாவும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அங்கே நடந்துபோகும் தொலைவிலேயே கிடைத்தன. அவன் ஏங்கியது பேகலுக்கு. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “இங்க பேகல்னு ஒண்ணு விக்கான் அண்ணே, நடுவுல ஓட்டை போட்ட பன்னு” என்று அலுத்துக்கொள்வான். பாளையங்கோட்டையில் பிறந்தவன் கலிபோர்னியாவில் இருந்துகொண்டு நியூயார்க்கின் யூத ரொட்டிக்காக ஏங்குவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒருவனுக்குச் சொந்த ஊர் ஒன்றுதான் என்ற எண்ணத்தில் வளர்ந்தவன் நான்.

2023 கோடை விடுமுறையில் நான் அவனிடம் சென்றதற்கு வேறொரு காரணம் இருந்தது. அப்பா போன பிறகு அம்மா பாளையங்கோட்டை வீட்டில் தனியாக இருக்கிறாள். என் கல்லூரியோ பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள வேறொரு ஊரில். அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொள்ள வேண்டும், வீட்டை விற்றுவிடலாம் என்பது தம்பியின் திட்டம். அம்மா முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “எய்யா, நீ போயி ஒரு எட்டு பாத்துட்டு வா. அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்கிடுமான்னு பாத்துச் சொல்லு” என்றாள். ஆக, நான் போனது தூது. திரும்பி வந்து எழுதுவது ஆற்றுப்படையாகிவிட்டது.

நல்ல பேகல் என்றால் என்ன என்று தம்பியிடம் கேட்டேன். அவன் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த ரொட்டியின் தாயகம் போலந்து. 1610இல் கிராக்கோவ் நகர யூதச் சமூகம் வகுத்த ஒழுங்குமுறைகளில், பிள்ளைப்பேற்றை ஒட்டிய கொடையாகப் பேகல் குறிப்பிடப்படுகிறது. 1683இல் வியன்னாவைத் துருக்கியர் முற்றுகையிலிருந்து மீட்ட போலந்து மன்னனைப் போற்றும் விதமாக, குதிரைச் சவாரிக்கான அங்கவடியின் வடிவில் இது செய்யப்பட்டது என்று ஒரு கதை உலவுகிறது. 1610ஆம் ஆண்டுக் குறிப்பு அந்தக் கதையைக் கவிழ்த்துவிடுகிறது. இலக்கிய வரலாறு கற்பிப்பவனுக்கு இதுபோன்ற கதைகளும் அவை கவிழும் விதமும் பழக்கமானவை. அதே கிராக்கோவில் ‘ஒப்வாஷானெக்’ என்ற இன்னொரு வளைய ரொட்டி உண்டு. 1394ஆம் ஆண்டின் அரண்மனைக் கணக்கிலேயே அதன் பெயர் வந்துவிடுகிறது. அதையும் கொதிநீரில் இட்ட பிறகே சுடுகிறார்கள்.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த யூதர்கள் பேகலைக் கூடவே கொண்டு சென்றார்கள். மாண்ட்ரியால் நகரில் அது தேன் கலந்த நீரில் வெந்து விறகடுப்பில் சுடப்படும் சிறிய, இனிப்பான வளையமாயிற்று. நியூயார்க்கில் சற்றுப் பருத்தது. நீரில் மால்ட் சேர்ந்தது. நியூயார்க்கில் பேகல் சுடுபவர்களுக்கென்று ‘லோக்கல் 338’ என்று ஒரு தொழிற்சங்கம் இருந்தது. ஏறத்தாழ முந்நூறு உறுப்பினர்கள்தாம். உறுப்பினரின் மகனாகவோ நெருங்கிய உறவினனாகவோ இல்லாதவன் அதற்குள் நுழைவது அரிது. 1951 டிசம்பரில் தகராறு முற்றி நகரத்தின் பேகல் அடுமனைகள் ஏறக்குறைய அனைத்தும் மூடப்பட்டபோது, செய்தித்தாள்கள் அதைப் பஞ்சம் என்றே எழுதின.

அந்தக் கையுருட்டுக் குலத்தொழிலை உடைத்தது ஓர் இயந்திரம். அதை உருவாக்கிய டேனியல் தாம்ப்சன் கலிபோர்னியாவில் கணித ஆசிரியராக இருந்தவர்; பேகல் சுடுபவரின் மகன். 1963இல் நியூ ஹேவன் நகரத்து லெண்டர்ஸ் நிறுவனம் அந்த இயந்திரத்தைக் குத்தகைக்கு எடுத்தது. உறைய வைத்த பேகல்கள் பொட்டலமாகி நாடெங்கும் சென்றன. இயந்திரத்துக்குள் வழுக்கிச் செல்ல மாவு நெகிழ்வாக இருக்க வேண்டும். மாவு நெகிழ்ந்தால் ரொட்டி மென்மையாகும், பருக்கும். கொதிநீருக்குப் பதிலாக நீராவி காட்டினால் நேரமும் ஆட்கூலியும் மிச்சம். இப்படிப் பேகல் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த ஊர்களில் தம்பி சொன்ன ஓட்டை போட்ட பன்னாயிற்று.

கொதிநீரில் இடுவது ஏன் அவ்வளவு முக்கியம்? மாவின் மேற்பரப்பில் கொதிநீர் பட்டதும் அங்குள்ள மாச்சத்து உப்பிப் பசையாகி, மெல்லிய தோலாக மூடிக்கொள்கிறது. அடுப்புக்குள் போன பிறகு ரொட்டி தன் விருப்பத்துக்கு உப்பிவிடாமல் இந்தத் தோல் அடக்கி வைக்கிறது. அதனால்தான் உள்ளே நெருக்கமும், மெல்ல மெல்ல இழுபடும் தன்மையும் கிடைக்கின்றன. மேலே பளபளப்பும் அதனால் வருவதே. ஓர் இரவு முழுவதும் மாவு குளிரில் கிடந்து மெதுவாகப் புளித்திருந்தால் சுட்ட பிறகு தோலில் கடுகளவு கொப்புளங்கள் தெரியும். இவற்றில் எதுவும் ரகசியமில்லை. எல்லாமே பொறுமையைக் கோருபவை, அவ்வளவுதான்.

தம்பி நான் வருவதற்கு முன்பே விரிகுடாப் பகுதியில் பல கடைகளை ஏறி இறங்கியிருந்தான். ஒரு கடையில் அவுரிநெல்லிப் பழம் போட்ட பேகலைக் கண்டு பேசாமல் திரும்பியிருக்கிறான். இன்னொன்றில், நீரில் வேகவைத்துத்தான் சுடுகிறீர்களா என்று கேட்டதற்குக் கல்லாவில் இருந்த பையன், “வேகவைப்பதா, ரொட்டியையா?” என்று வியந்தானாம். அவன் மனைவிக்கு இந்தத் தேடல் பெரும் கேலிப்பொருள். “பொண்ணு பாக்கக்கூட இவ்வளவு வீடு ஏறலை அத்தான்” என்றாள் என்னிடம்.

கடைசியில் அவனுக்குக் கிடைத்தது பெர்க்லி நகரில். தமிழ்ப் பீடம் அமைந்த பல்கலைக்கழகத்தின் ஊர் என்ற வகையில் எனக்கு அந்தப் பெயர் முன்பே பழக்கம். அந்தப் பல்கலைக்கழகத்தின் தென்புறத்திலிருந்து நீளும் தெருவுக்குக் காலேஜ் அவென்யூ என்று பெயர். அதில் ‘பாய்ச்சிக்’ என்ற கடை. யிட்டிஷ் வழக்கில் சிறுவனைச் செல்லமாக விளிக்கும் சொல் அது. எங்கள் ஊர் ‘எலேய்’ போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையைத் தொடங்கிய எமிலி வின்ஸ்டன் இயந்திரப் பொறியியல் படித்தவர், நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். நியூயார்க்கில் பிராட்வேயும் 80ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த எச் அண்ட் எச் என்ற கடையின் பேகலைத் தின்று வளர்ந்தவர். 2011இல் அந்தக் கடை மூடப்பட்டது. இனி அது கிடைக்காது என்று ஆன பிறகு, கலிபோர்னியாவில் தம் வீட்டு அடுக்களையிலேயே அதைச் செய்து பார்க்கத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் மாவையும் அளவையும் மாற்றி மாற்றிச் சோதித்த பின் 2019 நவம்பரில் கடை திறந்தார்.

2021 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழே, சிறந்த பேகல்கள் இப்போது கலிபோர்னியாவில்தான் என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியிட்டு, அதில் இந்தக் கடையைச் சிறப்பாகப் பேசியது. திருநெல்வேலிப் பத்திரிகை ஒன்று, சிறந்த அல்வா ஈரோட்டில் கிடைக்கிறது என்று எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். நியூயார்க்வாசிகள் கொதித்ததில் வியப்பில்லை.

ஒரு சனிக்கிழமை காலை தம்பி என்னை அங்கே அழைத்துச் சென்றான். வரிசை கடைக்கு வெளியே நீண்டிருந்தது. அதில் நின்றவர்களின் பேச்சைக் கவனித்தால் பாதிப் பேர் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்தது. புரூக்ளின், லாங் ஐலண்ட் என்று பெயர்கள் காதில் விழுந்துகொண்டிருந்தன. எனக்கு எள் தூவியது ஒன்றை வாங்கிக் கொடுத்தான். சூடாக இருந்தது. வாட்ட வேண்டாம், ஒன்றும் தடவ வேண்டாம், முதலில் வெறுமனே தின்னு என்றான். தோல் மெல்லிய சத்தத்துடன் விட்டுக்கொடுத்தது. உள்ளே பல் பதிந்த இடம் மெதுவாக மேலெழுந்து வந்தது. லேசான இனிப்பு, பிறகு புளிப்பு, முடிவில் வறுத்த எள்ளின் மணம். தின்று முடிக்கத் தாடை உழைக்க வேண்டியிருந்தது. சோற்றைப் பிசைந்து விழுங்கிப் பழகிய எனக்கு, உணவு இவ்வளவு எதிர்ப்புக் காட்டுவது புதுமை.

தம்பி தன்னுடையதைப் பாதி தின்றுவிட்டு நிறுத்தினான். “சரியா இருக்கு அண்ணே” என்றான். சிறிது நேரம் கழித்து, “அந்தக் கடைக்காரன்தான் இல்லை” என்றான். குவீன்ஸில் அவன் வாடிக்கையாகப் போன கடையில் கல்லாவில் இருந்த முதியவர் இவன் பெயரைச் சொல்ல வராமல் தாமே ஒரு பெயர் வைத்து அழைப்பாராம். அந்த நாட்டில் அவனை முதன்முதலில் அடையாளம் கண்டு சிரித்த மனிதர் அவர்.

இப்போது தண்ணீர் வழக்குக்கு வருகிறேன். நியூயார்க் நகரத்தின் குடிநீரில் பெரும்பங்கு கேட்ஸ்கில் மலைகளின் பக்கத்திலிருந்தும் டெலவேர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்தும் வருகிறது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் குறைந்த மென்னீர். நீரில் இந்த உப்புகள் மிகுந்தால் மாவின் குளூட்டன் இறுகும், குறைந்தால் நெகிழும் என்பது உண்மைதான். ஆனால் பெர்க்லிக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். சியரா நெவாடா மலைகளின் பனி உருகி ஓடும் மோக்கலம்னி ஆற்றிலிருந்து ஏறத்தாழ 90 மைல் குழாயில் வருகிறது. அதுவும் மென்னீர். ஆகவே தண்ணீரைச் சாட்சிக்கு அழைத்தாலும் அது இரு தரப்புக்கும் சாட்சி சொல்லும். மேலும், நீரின் குறையை உப்பாலும் மாவாலும் பிசையும் நேரத்தாலும் சரிக்கட்ட முடியும் என்பது அடுமனைக்காரர்களுக்குத் தெரிந்ததே. கொதிக்க வைக்காத குறையை எதனாலும் சரிக்கட்ட முடியாது.

இன்னொன்றும் உண்டு. பெர்க்லிக் கடைக்கு முன்மாதிரியான எச் அண்ட் எச் கடையை 1972இல் தொடங்கிய இருவர் புவர்ட்டோ ரிக்கோ வழிவந்த மைத்துனர்கள். அதே பிராட்வேயில் 2024 டிசம்பரில் மூடப்படும்வரை வரிசை குறையாமல் இருந்த ஆப்சல்யூட் பேகல்ஸ் கடையை நடத்தியவர் தாய்லாந்திலிருந்து வந்தவர். ‘லோக்கல் 338’ தன் பிள்ளைகளுக்கு மட்டுமே என்று பூட்டி வைத்த தொழிலை, பிற்காலத்தில் காப்பாற்றியவர்களில் இவர்களும் அடக்கம். எங்கள் ஊரிலும் அல்வாவைக் கொண்டுவந்து நிலைநாட்டியவர்கள் வடக்கிலிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பத்தார் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். அல்வா என்ற சொல்லே அரபுச் சொல். அதைத் தாமிரபரணியின் பிள்ளை என்று நாம் பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டோம். அதில் பிழையொன்றும் இல்லை. வளர்த்த ஊருக்கும் உரிமை உண்டு.

தொல்காப்பியத்தை வகுப்பில் நடத்தும்போது திணைமயக்கம் என்ற பகுதிக்கு வந்தால் மாணவர்கள் சற்றுச் சோர்ந்துபோவார்கள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மூன்றில், உரிப்பொருள் தவிர்த்த ஏனையவை ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்குக் கலந்து வரலாம் என்று இலக்கணம் இடம் கொடுக்கிறது. உணவு கருப்பொருள். எனவே நெய்தலின் மீன் மருதத்துக்கு வரலாம், போலந்தின் பேகல் பெர்க்லிக்கு வரலாம். தடையில்லை. உரிப்பொருள் என்பது அந்த நிலத்தில் மனிதர்க்கு நிகழும் கூடலும் பிரிவும் காத்திருப்பும். அது பெயர்ந்து வராது. காலேஜ் அவென்யூவின் நடைபாதையில் தம்பி பாதிப் பேகலோடு நின்றபோது, இருபது ஆண்டுகளாக நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட அந்த வேறுபாடு எனக்கு எதிரில் நின்றது. பேகல் சரியாக வந்திருந்தது. அவனுக்குப் பெயர் வைத்த முதியவர் வரவில்லை.

ஊர் திரும்பி அம்மாவிடம் தூதின் விடையைச் சொன்னேன். தண்ணீர் நல்ல தண்ணீர், மலையில் பனி உருகி வரும் ஆற்றையெல்லாம் குழாயில் கொண்டுவருகிறார்கள், உனக்கு ஒத்துக்கொள்ளும் என்றேன். அம்மா அதை முக்கியமாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

“வாசல்ல உக்காந்தா தெருவுல ஆளு போவுமாய்யா?”

“கார்தாம்மா போவும்.”

“நின்னு பேசுவாவளா?”

“மாட்டாவ.”

வீட்டு விற்பனைப் பேச்சு அத்தோடு நின்றது. தம்பிக்கு அதில் வருத்தம்தான். தண்ணீரைப் பற்றித்தானே கேட்டாள், அது நல்ல தண்ணீர் என்று ஆன பிறகும் என்ன தயக்கம் என்றான். அடுத்த ஆண்டு அம்மா அவனிடம் சென்று ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தாள். பேகல் கடைக்கும் அழைத்துப் போயிருக்கிறான். “எள்ளு போட்டது நல்லாத்தான் இருக்கு. ஆனா சுடப்போறதை எதுக்குய்யா முதல்ல அவிக்காவ?” என்பது அம்மாவின் தீர்ப்பு. வீடு இன்னும் எங்களுடையது. மாலையில் வாசலில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், ஆள் போகிறது.

ஆற்றுப்படையில், பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வருபவனுக்கு வழியும், வழியில் ஒவ்வொரு நிலத்திலும் கிடைக்கும் உணவும் சொல்லித்தான் முடிக்க வேண்டும். ஆகவே, பேகலுக்குப் பேர்போன ஊர்களை விட்டு வெகுதொலைவில் வசிக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள்.

காலையில் செல்லுங்கள். பேகல் சுட்ட சில மணி நேரத்துக்குள் தின்ன வேண்டிய பொருள். மாலையில் அது வேறு பொருளாகிவிடும். கடைக்குள் நுழைந்ததும் கொதிநீர்க் கொப்பரை கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். படாவிட்டால் கேளுங்கள். கேள்வியைக் கேட்டு விழித்தால் காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம். தோலில் பளபளப்பும் கொப்புளமும் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்குவது பேகல் அன்று. சூடாக இருக்கும் பேகலை வாட்டித் தரச் சொல்லாதீர்கள். வாட்டுவது நேற்றையதற்கான வைத்தியம்.

பெர்க்லிப் பக்கம் செல்பவர்கள் ராக்ரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கி, காலேஜ் அவென்யூவிலேயே வடக்கு நோக்கி நடந்தால் போதும். அந்தக் கடை இப்போது வளர்ந்துவிட்டது. 2023இல் நகரின் மேற்குப் பகுதியில் ஓர் ஆலையும் திறந்திருக்கிறார்கள். வளர்ந்த பிறகும் அந்தப் பதம் நிற்குமா என்பதைத் தம்பி கண்காணித்துக்கொண்டிருக்கிறான். வாரம் ஒரு முறை ஒரு டஜன் வாங்கி, குறுக்கே நறுக்கி, உறைபெட்டியில் அடுக்கிவிடுகிறான். அதே பெட்டியின் இன்னொரு தட்டில் அம்மா கொடுத்தனுப்பிய அல்வா இருக்கிறது.